பத்துக்கு ஆறு

உலகத்தில் நம்பத் தகுந்த மனிதர்கள் மிகக் குறைவு. அவர்களில் தலையாயவர், பீர் ஆலையின் ருசிக் குழுவில் இருந்த நம் மூத்தவர். ஒரு சளிக் காய்ச்சலில் மோப்பத்தைப் பறிகொடுத்த நாள்முதல், எந்தக் கோப்பையை நீட்டினாலும் பத்துக்கு ஆறுதான் போட்டார். ஐந்து போட்டால் ஏன் என்பார்கள், ஏழு போட்டாலும் ஏன் என்பார்கள். ஆறை யாரும் கேட்பதில்லை.

"வாயத் தொறந்துடாதீங்க. பெரியவ படிப்பு முடியட்டும்" என்று மனைவி சொல்லியிருந்தாள்.

அப்போதுதான் நிர்வாகம் 'நம்பகத்தன்மை ஆய்வு' என்ற அறிவியல் வேள்வியைத் தொடங்கியது. ஒரே பீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, வேறு வேறு எண் ஒட்டி நீட்டுவார்கள். இரண்டுக்கும் ஒரே மதிப்பெண் போடுபவரே நம்பகமானவர். மூத்தவர் இரண்டுக்கும் வழக்கமான ஆறையே போட்டார். முடிவு வந்தது: நூற்றுக்கு நூறு! கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று ஏளனம் பேசுகிறவர்கள் கவனிக்க வேண்டும். தெரியாத கழுதைதான் தடுமாறாது. அவரையே குழுத் தலைவராக்கி, மற்றவர்கள் அவரோடு எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று அளந்தார்கள்.

தேறாதவள் ஒருத்திதான், குழுவிலேயே இளையவள். புதுத் தொட்டி பீருக்குப் பத்துக்கு ஒன்று போட்டிருந்தாள். வேலை போகும் என்றார்கள்.

"ஈரச் சாக்கு நாத்தம் குடலப் புடுங்குதுண்ணே. உங்களுக்கு அடிக்கலையா?" என்று கேட்டாள்.

மூத்தவருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நேராக மேலாளரிடம் போனார்.

"சார், எனக்கு வாசனையே தெரியாது. அந்தப் பொண்ணு சொல்றதுதான் சரியா இருக்கும். அத வேலையவிட்டு எடுத்துடாதீங்க."

மேலாளர் கதவைச் சாத்தினார். "தெரியும்யா. உங்க மேசையில ஊசிப்போன சாப்பாட்டு டப்பா ரெண்டு நாளா கெடந்துச்சு. ஆபீஸே மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுச்சு. நீங்க மட்டும் பக்கத்துலயே உக்காந்து கையெழுத்துப் போட்டுட்டு இருந்தீங்க. தலைவர்னா இவர்தான்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டோம்."

"அப்ப அந்தத் தொட்டி?"

"வித்தாச்சு. நீங்கதான ஆறு போட்டீங்க? அந்தப் பொண்ணுக்கும் கொஞ்சம் சொல்லிக் குடுங்க, பொழைச்சுப் போகட்டும்."

மூத்தவர் சொல்லிக் கொடுத்தார். அவளும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஆறு போட்டாள். குழுவின் நம்பகத்தன்மை நூறு சதவீதத்தைத் தொட்டது, கேக் வெட்டினார்கள்.

பிறகு, பீர் குடித்தவர்களிடமிருந்து வாந்திப் புகார்கள் வந்தன. அவற்றையும் ஆய்வு முறைப்படியே பரிசீலித்தார்கள். ஒரே பீரைக் குடித்துவிட்டு ஒருவர் ஒரு முறையும் இன்னொருவர் நான்கு முறையும் வாந்தி எடுத்திருந்ததால், குடித்தவர்கள் நம்பகமானவர்கள் அல்ல என்று தீர்ப்பாயிற்று. தீர்ப்பில் கையெழுத்துப் போட்டவர் நம் மூத்தவர்.