சங்கரிக்கு நீ புத்தி சொல்ல வேண்டியது பற்றி

காஞ்சிபுரம்,
வெள்ளிக்கிழமை.

மைத்துனன் உதயகுமாருக்கு மாமா கலியாணசுந்தரம் எழுதுவது. இங்கே உன் அக்கா மங்கையர்க்கரசியும் நானும் நலம் என்று எழுதுவதுதான் முறை, எழுதிவிட்டேன். ஸ்ரீபெரும்புதூரில் நீயும் வீட்டாரும் குறைவில்லாமல் இருக்க ஏகாம்பரநாதர் அருள்வாராக. போனில் சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் உன் அக்கா பாதியில் பிடுங்கிக்கொள்கிறாள், அதனால் கடிதம்.

விஷயம் சங்கரியைப் பற்றியது. பத்து வருடமாக சுகாசினி டீச்சரிடம் பரதம் கற்கிறாள், இப்போது பதினேழு வயது. நான் பட்டுக்கடையில் புடவையைப் பிரித்துக் குறை பார்க்கிறவன், ஒரு இழை விட்டிருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. அந்தக் கண்ணால் பெற்ற மகளைப் பார்க்காமல் வேறு யாரைப் பார்ப்பேன். அவள் பயிற்சியைத் தினமும் போனில் படம் பிடித்து, தவறுகளை நோட்டில் எழுதி, சாப்பிடும்போது வாசித்துக் காட்டினேன், அப்போதுதான் எழுந்து போகமாட்டாள். அரைமண்டி போதவில்லை, கை தொங்குகிறது, சிரிப்பு போலி, இடுப்பு பெருத்துவிட்டது, இவ்வளவுதான். அதன்பின் அவள் சோற்றைக் குறைத்தாள், கட்டுப்பாடு வந்துவிட்டதென்று நானும் நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். பங்குனி உத்திரத்தன்று மாலை கோயில் மண்டபத்தில் வர்ணம் ஆடிக்கொண்டிருந்தவள் நடுவில் நின்றுவிட்டாள். பாட்டு போகிறது, மிருதங்கம் போகிறது, இவள் முன்வரிசையில் போனைப் பிடித்துக்கொண்டிருந்த என்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். பிறகு திரும்பி நடந்து உள்ளே போய் விழுந்தாள். உடம்பில் ரத்தமே இல்லை என்றார் டாக்டர். நான் ஒரு வாரம் அந்த வீடியோவைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, நிற்பதற்கு முந்தைய அடவில் இடது கால் தப்பியிருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

டீச்சர் இப்போது ஆடுகிற பிள்ளைகளின் மனசைப் பார்க்கவென்று எஸ்தர் என்கிற ஆலோசகரைச் சனிக்கிழமைதோறும் வகுப்புக்கு வரவழைக்கிறார். முன்பெல்லாம் காலுக்குத் தைலம் போதும், இப்போது மனசுக்கும் ஆள். பெற்றோர் வெளியே இருக்கலாம் என்றார்கள், நான் உள்ளேதான் உட்கார்ந்தேன். ஆடும்போது தலைக்குள் என்ன கேட்கிறது என்று எழுதச் சொன்னார். மற்ற பெண்கள் ரெண்டு வரி எழுதினார்கள், சங்கரி ஒரு பக்கம் எழுதினாள். எல்லாரும் போனபின் அந்தம்மா மெதுவாகக் கேட்டார்.

"இது யார் குரல்மா?"

"அப்பாது மேடம். ஆடறப்ப கேட்டுக்கினே இருக்குது. தட்டு முன்னாடி உக்காந்தாலும் அதான் கேக்குது."

"நல்லதுக்குத்தானே சொன்னேன்" என்றேன் நான்.

"நல்லா ஆடினப்ப என்ன சொன்னீங்க சார்?"

யோசித்துப் பார்த்தேன். குறையில்லாத புடவையை மடித்து வைப்போம், அதனிடம் உட்கார்ந்து பேசுவோமா, நீயே சொல்லு.

இப்போது, "நீ பாக்காம இருந்தா ஆடறேன்பா" என்கிறாள். பெற்ற தகப்பனிடம் பேசுகிற பேச்சா இது. உன் அக்கா என் நோட்டை எங்கோ ஒளித்துவிட்டு, நான் கேட்டால் ரசத்தைக் கிளறிக்கொண்டே நிற்கிறாள். ஆகவே நீ ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி வந்து, தாய்மாமன் என்ற முறையில் அவளைக் கண்டித்துப் புத்தி சொல்லவேண்டும்.

உன் பிள்ளைகளுக்கு என் ஆசிகள். காமாட்சியம்மன் உங்கள் எல்லாரையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
கலியாணசுந்தரம்.

பி.கு.: உறையில் போடுவதற்குள் சங்கரி இதைப் படித்துவிட்டாள். சண்டை போடுவாள் என்று பார்த்தால், இரண்டு தரம் படித்துவிட்டு, "மாமாக்கு எதுக்குப்பா? எஸ்தர் மேடத்துகிட்ட குடு. நேர்ல கேட்டா மழுப்புவ, இதுல நீயே எல்லாத்தையும் எழுதிட்ட" என்றாள். மூன்று மாதத்தில் அவள் என்னிடம் இவ்வளவு பேசியது இதுதான். செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்கு எஸ்தர் எனக்கு நேரம் கொடுத்திருக்கிறார். நீ வரவேண்டாம். அசல் அங்கே போகிறது, உனக்கு அனுப்பியிருப்பது ஜெராக்ஸ்.