மீனுவும் மெதுவடையும்

நடக்கும்போதே கனவு காண்கிறவன் நான். கால் தெருவில் இருக்கும், ஆள் இருக்கமாட்டேன். (மனைவி இதை வியாதி என்கிறாள்.) இந்த லட்சணத்தில் ஒரு வழிகாட்டி நாயை வளர்த்துக் கொடுக்க ஒப்புக்கொண்டேன்.

மச்சினி வித்யாவுக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. ஆழ்வார்பேட்டைப் பள்ளிக்கூடம் ஒன்றில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். யார் கையையும் பிடிக்காமல் தனியாக வேலைக்குப் போய்வர வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அவளுக்காகத்தான் மீனு என்கிற இந்த நாய். ஆனால் கடைசிக்கட்டப் பயிற்சிக்கு, நாயை என்னிடம் கொடுத்த அறக்கட்டளையிடம் பணம் இல்லை. அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நன்கொடையாளர்களை மயிலாப்பூருக்கு அழைத்திருந்தார்கள். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு, மீனுவைப் பிடித்தபடி குளக்கரையிலிருந்து மண்டபம் வரை நடந்து காட்ட வேண்டும். அவர்களும், பயிற்சி கொடுக்கும் அம்மாளும், வித்யாவும் பின்னால் வருவார்கள்.

கண்ணைக் கட்டியதும் ஊரே மாறிவிட்டது. மல்லிகை வாசனை வந்தது, பிறகு தண்ணீர் தெளித்த வாசலின் ஈரம், எங்கோ கோயில் மணி. மீனு மெல்ல இழுத்தது, நான் மிதந்துபோனேன். குளத்துத் தண்ணீர்மேல் நடப்பது போலிருந்தது. மண்டபத்தில் எனக்கு மாலை போட்டார்கள், வித்யா கண்கலங்கினாள், நான் உருக்கமாகப் பேசி முடித்தேன். (எல்லாம் கனவில்தான்.)

மீனு நின்றது. வந்துவிட்டோம் என்று கைகூப்பினேன்.

"இன்னா சார், கண்ணக் கட்டிக்கினு வந்துகீற?" என்றது பழகிய குரல். "உனக்கு ரெண்டு, நாய்க்கு ஒண்ணுதானே?"

கட்டை அவிழ்த்தேன். வடைக்கடை.

வேலையில் இருக்கும் நாய்க்கு எதுவும் தின்னக் கொடுக்கக் கூடாது என்பது முதல் விதி. ஆறு மாதமாக தினமும் காலையில் நான் அதை மீறிவந்தேன். (வெங்காயம் போடாத வடைதான், அவ்வளவு பொறுப்பு எனக்கும் உண்டு.) மீனு கற்ற வழியில் பிசகாமல் வந்திருந்தது. பயிற்சி கொடுக்கும் அம்மாள் என்னைப் பார்த்த பார்வையில் வடை ஆறிப்போயிற்று. வித்யா குனிந்து மீனுவை மட்டும் தடவிக்கொடுத்தாள். அதுதான் எனக்கு வலித்தது.

ஆனால் தோண்டிப்போட்ட பள்ளங்கள், குறுக்கே நின்ற மாடு, நடைபாதை நிறைய பைக்குகள் எல்லாவற்றையும் தாண்டி மீனு என்னைக் கொண்டுவந்ததை நன்கொடையாளர்கள் பார்த்திருந்தார்கள். "இவரையே பத்திரமா கொண்டுவந்து சேர்த்துடுத்தே, இதுக்கு மேல என்ன வேணும்?" என்றார் ஒரு பெரியவர். பணம் சேர்ந்துவிட்டது.

வடையை மறக்க மீனுவுக்கு இன்னும் நான்கு மாதம் பிடித்தது. அதுவரை வித்யா என் கையைப் பிடித்துக்கொண்டுதான் பள்ளிக்கூடம் போனாள். அந்த நான்கு மாதமும் நான் கனவு காணவில்லை.

இப்போது அவளும் மீனுவும் மட்டும் போகிறார்கள். தினமும் காலையில் போன் வரும்: "அத்திம்பேர், உங்க கடை வந்துடுத்து. மீனு நின்னுடுத்து." வீடே சிரிக்கும். பயிற்சியில் இன்னும் கோளாறோ என்று பயந்து, ஒருநாள் அந்த அம்மாளிடம் சொல்லப்போவதாக வித்யாவிடம் சொன்னேன்.

"சொல்லிடாதீங்கோ," என்றாள். "மீனு அங்க நிக்கறதை எப்பவோ விட்டுடுத்து. நான்தான் நிக்கறேன்."