ஐம்பத்தொரு ஞாயிறும் ஒரு சிவப்புக் கோட்டும்

மினசோட்டா,
டிசம்பர் 27, சனிக்கிழமை

அன்பும் மரியாதையும் மிக்க லவோன் அத்தைக்கு,

மரித் எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். அரிசோனா வெயில் உங்கள் முழங்காலுக்கு ஒத்துக்கொண்டதில் மகிழ்ச்சி. நீங்கள் அனுப்பிய ஆரஞ்சுப் பெட்டி வந்து சேர்ந்தது; மேல்வரிசை மட்டும் கல்லாக உறைந்திருந்தது. கிறிஸ்துமஸ் ஆராதனை எப்படி நடந்தது என்று கேட்டிருந்தீர்கள். அருமையாக நடந்தது. உங்கள் மகள் பிரிட்டா சிகாகோவிலிருந்து வந்திருந்தாள். இந்த இடத்தில் கையெழுத்துப் போட்டு உறையை ஒட்டிவிடத்தான் நினைத்தேன்.

அத்தை, இந்த வருஷம் ஐம்பத்தொரு ஞாயிறும் நான் ஆலயத்துக்குப் போயிருக்கிறேன். பிப்ரவரிப் பனிப்புயல் அன்று பாஸ்டர், ஆர்கன் வாசிப்பவர், நான், மூன்றே பேர். "சகோதர சகோதரிகளே" என்று அவர் என் ஒருத்தியைப் பார்த்துத்தான் ஆரம்பித்தார். நான் அதிகம் பேசுகிறவள் இல்லை. ஆராதனை முடிந்ததும் காப்பிக்கு நிற்காமல் வீட்டுக்கு வந்து புத்தகத்தை எடுத்துக்கொள்வேன். அப்படிப்பட்ட நான் செப்டம்பரிலேயே பெயர் கொடுத்து, கிறிஸ்துமஸ் இரவு வேதபாடம் வாசிக்கும் முறையை வாங்கி வைத்திருந்தேன். நூலகத்தில் ஆள் இல்லாத நேரம் பார்த்து அலமாரிகளுக்கு முன்னால் வாசித்துப் பழகினேன். பாடத்தில் வரும் அந்தச் சிரியா நாட்டு ஆளுநரின் பெயர் மட்டும் நாக்கில் படிய மூன்று வாரம் ஆனது.

அன்றைக்கு வாசலிலேயே பிடித்தது சனி. விடுமுறைக்கு வந்திருக்கும் பாஸ்டரின் அம்மா, புதியவர்களுக்குக் கொடுக்கிற காப்பிக் கோப்பையை என் கையில் திணித்து, "முதல் தடவையா வர்றியா கண்ணு? கூச்சப்படாம உள்ள போ" என்றார். எனக்குப் பின்னால் சிவப்புக் கோட்டில் பிரிட்டா வந்தாள். அவளுக்குக் கோப்பை கிடையாது. வீட்டுக்காரி மாதிரி நடக்கிறவளுக்கு யார் கோப்பை கொடுப்பார்கள்? "பிரிட்டா வந்துட்டா!" என்று மூன்று பெஞ்சுகள் எழுந்து அவளைக் கட்டிக்கொண்டன. அவள் தன்னுடைய நான்கு தோழிகளோடு நேரே போய் என் பெஞ்சில் உட்கார்ந்தாள். இடம் காட்டும் ஆர்வில் என்னிடம் வந்து, "நீ நம்ம ஆளுதானே மரித், கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ" என்று நடைவழியில், கோட்டுகள் தொங்கும் இடத்தில், ஒரு மடக்கு நாற்காலியை விரித்துப் போட்டார்.

அப்போதுதான் பாஸ்டர் வந்தார். "மரித், பிரிட்டா வந்திருக்காம்மா. வருஷத்துக்கு ஒருநாள் வர்ற பொண்ணு. இன்னைக்கு அவ வாசிச்சா நல்லாயிருக்கும்னு தோணுது. உனக்கு ஒண்ணும் வருத்தம் இல்லையே?"

"ஐயோ, அதுக்கென்ன, அவளே வாசிக்கட்டும்" என்றேன்.

நம் ஊரில் இதற்கு என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். முதல் முறை சொல்வது மரியாதைக்கு. இரண்டாம் முறை கேட்டால் கொஞ்சம் தயங்குவோம். மூன்றாம் முறை கேட்டால்தான் மனசில் இருப்பது வாய்க்கு வரும். ஒரு துண்டு கேக்குக்குக்கூட நாம் இதை விட்டுக்கொடுப்பதில்லை. பாஸ்டர் டெக்சாஸ்காரர், நம் வழக்கம் தெரியாதவர். "ரொம்ப நல்ல மனசும்மா உனக்கு!" என்று தோளைத் தட்டிவிட்டுப் போயே போய்விட்டார். இரண்டாம் முறைக்காக நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

பிரிட்டா வாசித்தாள். ஆளுநர் பெயர் வந்ததும், "யாரோ ஒரு ஆளுநர்" என்று சொல்லித் தாண்டிப் போனாள் அத்தை! சபையே சிரித்தது, அதுவும் பாசமாக. பிள்ளை பிறந்த இடம் வந்ததும் நிறுத்திக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எல்லாரும் மூக்கைச் சிந்தினார்கள். கோட்டுகளுக்கு நடுவில் நானும் அழுதேன். காரணம் வேறு.

பிறகு பிரசங்கம். "வாராவாரம் வர்றவங்களுக்கும் இன்னைக்கு மட்டும் வந்தவங்களுக்கும் கிருபை ஒரே அளவுதான்" என்றார் பாஸ்டர். கிருபை உழைத்துச் சம்பாதிப்பது அல்ல என்று எட்டு வயதில் படித்தேன். பின்பு அதைப் பற்றித் தடித்த புத்தகங்களும் படித்தேன். முழு மனதோடு நம்புகிறேன். பிரிட்டாவுக்குக் கிடைக்கும்போது மட்டும் நம்பிக்கை கொஞ்சம் ஆட்டம் காண்கிறது. இதற்குப் பெயர் பொறாமை. முதலில் வேறு சொல் எழுதி, அடித்துவிட்டு, இதையே எழுதினேன். எனக்குப் பெரிய பங்கு வேண்டாம் அத்தை. நான் வந்திருக்கிறேன் என்பது அங்கே யாராவது ஒருவருக்குத் தெரிந்தால் போதும். வந்தாலும் வராவிட்டாலும் ஒன்றுதான் என்றால் எதற்காகப் போகவேண்டும்? நாளைக்குப் போகமாட்டேன். இனி வருஷத்துக்கு ஒருநாள்தான். கோட்டும் வாங்கப்போகிறேன்.

மாமாவுக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்காகவும், பிரிட்டாவுக்காகவும்கூட, ஜெபிக்கிறேன்.

உங்கள் அண்ணன் மகள்,
மரித்

பி.கு.: ஞாயிறு காலை பத்தேகால். ஆர்வில் ஆலயத்திலிருந்து போன் செய்தார்.

"மரித், உடம்புக்கு என்ன?"

"ஒண்ணுமில்லையே."

"வண்டி பனியில மாட்டிக்கிச்சா? டிராக்டர் எடுத்துட்டு வரட்டுமா?"

"இல்ல, வீட்லதான் இருக்கேன். ஆராதனை நடக்கலையா?"

"எங்க நடக்குது? பத்து மணியிலிருந்து பதினாறு பேர் சும்மா உட்கார்ந்திருக்கோம்."

"ஏன்?"

"என்ன கேள்வி இது? நீ இன்னும் வரலையே."

பூட்ஸை மாட்டிக்கொண்டே எழுதுகிறேன். மேலே உள்ள இரண்டு பக்கங்களையும் படிக்காமல் கிழித்துவிடுங்கள். ஆனால் பதினாறு பேர் கால் மணி நேரமாக ஒரு பாட்டுக்கூடப் பாடாமல் எனக்காகக் காத்திருந்தார்கள் என்பதை, பேச்சுவாக்கில் வந்ததுபோல, பிரிட்டாவிடம் சொல்லிவிடுங்கள்.