கேபிளுக்கு நாகதோஷம்

வண்டலூரில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றால் அது மிருகக்காட்சிசாலைக்கு என்றுதான் நினைத்திருந்தேன். இப்போது இரண்டு தெரு தள்ளி ஒரு தகரக் கொட்டகைக்கும் கூட்டம் போகிறது. இங்கே கூண்டு கிடையாது. அது ஒன்றுதான் வித்தியாசம்.

வாசலில் பலகை: ‘ஒலிச்சித்தர் தேவானந்த சுவாமிகள். ஸ்பீக்கர் கேபிள்களுக்கு நாகதோஷ நிவர்த்தி.’

வரிசையில் நிற்பவர்கள் எல்லாரும் தோளில் கறுப்புக் கேபிள் சுருளை மாட்டியிருக்கிறார்கள். பொத்தேரியில் கல்லூரிப் பிள்ளைகளை ஆடவைக்கும் டிஜேக்கள், தாம்பரத்துக் கல்யாண மண்டபங்களுக்கு ஸ்பீக்கர் கட்டுகிறவர்கள். ஒருவர் தன் கேபிளின் பெயருக்கு அர்ச்சனை கேட்டார். நட்சத்திரம் என்ன என்றதற்கு, வாங்கிய தேதியைச் சொன்னார். கணித்துக் கொடுத்தார்கள்.

சுவாமிகளின் தத்துவம் எளிமையானது. கேபிள் கறுப்பாக இருக்கிறது, நீளமாக இருக்கிறது, சுருண்டு படுக்கிறது. ஆகவே பாம்பு. பையிலிருந்து எடுக்கும்போது சிக்கலாக வருகிறதா? நாகதோஷம். பாட்டு நடுவில் நின்றுவிட்டதா? நாகதோஷம். ஒரு குறையும் இல்லாமல் பாடுகிறதா? தோஷம் தூங்குகிறது, எழுவதற்குள் காணிக்கை வைத்துவிடு.

ஊரார் எதற்கு வேண்டுமானாலும் பால் ஊற்றட்டும் என்று நான் பேசாமல்தான் இருந்திருப்பேன். ஆனால் அந்தப் பாம்பு எங்கள் வீட்டுக்குள் வந்துவிட்டது.

என் தம்பி மகள் சத்யப்ரியாவுக்குச் சேலையூரில் நிச்சயதார்த்தம். கார்களுக்கு ஒயரிங் செய்யும் தொழிற்சாலையில், எந்த ஒயர் உள்ளே ஒடிந்திருக்கிறது என்று கண்டுபிடிப்பது அவளுடைய வேலை. மேடையில் அவள் பெயரை அறிவித்த நொடியில் ஸ்பீக்கர்கள் ஊமையாகின. டிஜே குணா கேபிளை ஆட்டினான், தட்டினான், கும்பிட்டான். பத்து நிமிடம் கழித்துச் சத்தம் வந்தது.

மாப்பிள்ளை சிவகுமாரின் அப்பா ஜெயவேலு அந்தப் பத்து நிமிடத்தைச் சுவாமிகளிடம் கொண்டுபோனார். பெண்ணின் ஜாதகத்து நாகம் மைக் வழியாக இறங்கிக் கேபிளில் குடியேறிவிட்டது என்று தீர்ப்பு வந்தது. பரிகாரம்: அந்தக் கேபிளைப் பெண் கழுத்தில் சுற்றிக்கொண்டு, கொட்டகையில் இருக்கும் புற்றை ஊர் பார்க்க ஒன்பது முறை வலம் வர வேண்டும்.

“தப்பா நினைக்காதீங்க சம்பந்தி,” என்றார் ஜெயவேலு. “ஒன்பது சுத்துதானே. முடியாதுன்னா முகூர்த்தத்தைத் தள்ளி வச்சுக்கலாம்.”

“எதுவரைக்கும்?”

“சாமி சொல்ற வரைக்கும்.”

எங்கள் வீட்டுப் பெண்ணின் கழுத்தில் மாலை விழும், தாலி விழும். ஸ்பீக்கர் ஒயர் விழாது. இதை நான் உரத்த குரலில் சொல்லிக்கொண்டிருந்தபோது சத்யப்ரியா குறுக்கிட்டாள்.

“பெரியப்பா, கத்தாதீங்க. நான் வர்றேன்னு சொல்லிடுங்க.”

“கேபிளை மாட்டிக்கிட்டுச் சுத்தப்போறியா?”

“சுத்துறேன்னு சொல்லல. வர்றேன்னு மட்டும் சொல்லுங்க.”

பிறகு குணாவுக்குப் போன் செய்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கொட்டகை நிரம்பி வழிந்தது. நடுவில் களிமண் புற்று, மேலே பிளாஸ்டிக் பாம்பு. பக்கத்தில் ஒரு ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கர் பெட்டியும். குணா கொண்டுவந்த கேபிளைச் சுவாமிகள் இரண்டுக்கும் நடுவே மாட்டினார். கண்ணை மூடினார். இடுப்பில் கை வைத்தார்.

உஸ்ஸ்ஸ் என்று சீறியது. கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஜெயவேலு, பார்த்தீர்களா என்பதுபோல் என்னைப் பார்த்தார். சிவகுமார் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இந்தக் கேபிள் வழியாதான் சத்தம் வருதா சாமி?” என்று கேட்டாள் சத்யப்ரியா.

“வேற எது வழியா வரும் குழந்தை? முழு நீளத்துக்கும் படுத்திருக்கு. தலை இந்த முனை, வால் அந்த முனை.”

“அப்ப நடுவுல உடம்பு இருக்கணும்.” அவள் குணாவிடம் கையை நீட்டினாள். அவன் கட்டரைக் கொடுத்தான்.

“வெட்டினா குலநாசம்,” என்றார் சுவாமிகள்.

“என் குலம் பின்னாடி நிக்குது சாமி. பெரியப்பா, வெட்டலாமா?”

“வெட்டும்மா,” என்றேன்.

கறுப்புத் தோலை நீளவாக்கில் கீறிப் பிரித்தாள். உள்ளே பச்சை நைலான் கயிறு. அதைச் சரசரவென்று உருவி எல்லாருக்கும் காட்டினாள்.

“எங்க மாடியில துணி காயப்போடற கொடிக்கயிறு. ராத்திரி உட்கார்ந்து உள்ள கோத்தேன். இதுல கரண்டும் போகாது, பாட்டும் போகாது. நாகம் மட்டும் எப்படிப் போச்சு?”

“நாகத்துக்குச் செம்பு தேவையில்லை,” என்றார் சுவாமிகள்.

“அப்ப கேபிளும் தேவையில்லை.” பிளக்கைப் பிடுங்கிக் கீழே போட்டாள்.

சீறல் நிற்கவில்லை. சுவாமிகள் இடுப்பில் செருகியிருந்த போனைத் துழாவினார். அதற்குள் குணா சத்தம் வந்த பக்கம் காதைக் கொண்டுபோய், புற்றைத் தூக்கிவிட்டான். அடியில் மஞ்சள் துணி சுற்றிய புளூடூத் ஸ்பீக்கர், கையகலம்.

“சாமி, இதுக்கு சார்ஜ் போட்டா போதும்,” என்றான் குணா. “பாலெல்லாம் ஊத்தினா ரிப்பேர் ஆய்டும்.”

சுவாமிகளுக்குத் திடீரென்று தியான நேரம் வந்துவிட்டது. பின்பக்கத் தகரத்தை நகர்த்திக்கொண்டு போனார்.

“இருந்தாலும் அவர் கை ராசியான கை,” என்றார் வரிசையில் ஒருவர். நோய் அவ்வளவு சீக்கிரம் போகுமா?

சத்யப்ரியா பையிலிருந்து நிச்சயதார்த்தத்தில் பயன்பட்ட உண்மையான கேபிளை எடுத்தாள். கரண்ட் போக வழி இருந்தால் கூவும் மீட்டரை இரு முனைகளிலும் வைத்தாள். கேபிள் நேராக இருந்தபோது மீட்டர் கூவியது. பிளக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி வளைத்தாள், நின்றது. நிமிர்த்தினாள், கூவியது.

“உள்ள கம்பி ஒடிஞ்சிருக்கு. குணா, இதை எப்படிச் சுத்தி வைப்பே?”

“முழங்கையில மாட்டி இறுக்கமா சுத்துவேன்க்கா.”

“அதான் ஒடியுது, அதான் முறுக்கிக்கிட்டுச் சிக்குது. பெரிய வளையமா, தளர்வா போடு. ஒரு வளையம் வெளிப்பக்கம், அடுத்தது உள்பக்கம். அப்புறம், நூறடி தூரத்துக்கு இவ்வளவு மெல்லிசான கேபிள் போட்டா சத்தம் பாதி வழியிலேயே சோர்ந்துடும். தூரம் கூடினா தடிமனும் கூடணும். வேலைக்குப் போறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் வளைச்சு டெஸ்ட் பண்ணு.”

“இன்னாக்கா, மேட்டர் இவ்ளோதானா? மூணு வாரமா இதுக்குப் பால் ஊத்திகினு இருந்தேன்.”

“பால் ஊத்தினதுல பிளக்கும் துருப்பிடிச்சிருக்கு.”

ஜெயவேலு மெதுவாக என் பக்கம் வந்தார். “மனசுல ஒண்ணும் வச்சுக்காதீங்க சம்பந்தி. அதான் தோஷம் இல்லைன்னு ஆயிடுச்சே. குறிச்ச தேதியிலயே கல்யாணத்தை முடிச்சுடலாம்.”

சத்யப்ரியா அவரைப் பார்க்கவில்லை. சிவகுமாரிடம் கேட்டாள். “நீங்க என்ன சொல்றீங்க?”

“அப்பா சொன்னா சரிங்க.”

“என்னைக் கேபிளோட சுத்தச் சொன்னப்பவும் இதையேதான் சொன்னீங்களா?”

அவன் மறுபடியும் செருப்பைப் பார்த்தான். அவள் மீட்டரைப் பைக்குள் வைத்து மூடினாள். மற்றதைச் சொல்ல வேண்டியது வீட்டுப் பெரியவன் பொறுப்பு.

“யோசிச்சுச் சொல்றோம்,” என்றேன்.

“இதுல யோசிக்க என்ன சம்பந்தி இருக்கு?”

“நிறைய இருக்கு ஜெயவேலு. நீங்களும் ஆரம்பிச்சுப் பாருங்க. முதல்ல கொஞ்சம் தலை வலிக்கும், போகப்போகப் பழகிடும்.”