முப்பது வாட் வெளிச்சத்தில் பெண் பார்த்தவர்

விளக்கு எரிந்தால் சந்தோஷப்படாத மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான் உண்டு. அவர் காஞ்சிபுரத்தில் என்னோடு ஒரே அறையில் குடியிருந்தார். பெயர் ஆம்பியர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். அதை அவர் அம்மாவே மறந்துவிட்டதாகத்தான் ஊரில் பேச்சு.

நான் பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் கணக்கு எழுதினேன். அவர் பட்டு நூல் முறுக்கும் மில்லில் எலெக்ட்ரீஷியன். சுவிட்சைப் போட்டால் நாமெல்லாம் வேலையைப் பார்ப்போம். அவர் பல்பைப் பார்ப்பார். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, உள்ளே சிவக்கும் அந்த மெல்லிய இழையையே பார்த்தபடி எங்கேயோ போய்விடுவார். திரும்பி வந்ததும் துணிப்பையிலிருந்து இரண்டு மீட்டர்களை எடுப்பார். ஒன்று வோல்ட் காட்டும், மற்றது ஆம்பியர் காட்டும். அதை இதால் வகுத்தால் தடை, இரண்டையும் பெருக்கினால் வாட். இந்தக் கணக்கு முடிகிற வரை சோறு ஆறிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் டீக்கடைக்காரரிடம், "உன் பல்பு நாப்பது வாட்டுன்னு போட்டுக்கினு இருபத்தஞ்சுதான்பா எரியுது" என்றார்.

"டீயும் அப்டித்தான். குடிச்சிட்டுக் கெளம்பு" என்றார் அவர்.

என் முதலாளியைக்கூட விடவில்லை. "அந்த ஆளுக்குத் தடை ஜாஸ்திபா. எவ்ளோ சொன்னாலும் உள்ள போவாது" என்பார். அந்த ஒரு கணக்கை மட்டும் நான் சரிபார்க்கவே இல்லை.

இப்படிப்பட்டவருக்கு யார் பெண் கொடுப்பார்கள்? பார்த்த இடமெல்லாம் தட்டிப்போயிற்று. அவருக்கோ ஆசை நிறைய. சாயங்காலங்களில் மொட்டை மாடியில் மல்லாந்து படுத்து, கோபுரத்துக்கு மேலே வானம் நிறம் மாறுவதைப் பார்த்தபடி, "வீட்டுக்குப் போனா பேசறதுக்கு ஒரு ஆள் இருக்கணும்பா" என்பார். எனக்குச் சங்கடமாக இருக்கும்.

கடைசியில் பக்கத்துக் கூரம் கிராமத்தில் ஒரு விவசாயக் குடும்பம், வந்து பெண்ணைப் பார்க்கச் சொல்லி அனுப்பியது. அவர் அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "இதையும் கெடுத்துக்கினு வந்தேன்னா, இனிமே உனக்காக எவன் வாசல்லயும் நான் போயி நிக்க மாட்டேன்."

மீட்டர் பையை அறையிலேயே வைத்துவிட்டு வரச் சொன்னேன். தலையாட்டினார். ஜரிகை அங்கவஸ்திரத்துக்குள் சுருட்டி எடுத்து வந்திருந்தது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

நாற்று நட்டிருந்த சமயம். வயலெங்கும் பம்பு செட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. வழி நெடுகத் தண்ணீரில் அந்தி மிதந்தது. அவர் நடந்தாரா, மிதந்தாரா என்றே சொல்ல முடியாது. நானும் அவரும் அவர் அம்மாவும் போய் உட்கார்ந்தோம். கூடத்தில் ஒரே பல்பு, வாடிய பூசணிப்பூ நிறத்தில் சோம்பலாக எரிந்தது. கேசரி வந்தது. பெண் வந்து நின்றாள். ஆம்பியர் அவளைப் பார்த்தார், பல்பைப் பார்த்தார், மறுபடியும் அவளைப் பார்த்தார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி பல்பைக் கழற்றிவிட்டார்.

கும்மிருட்டு. யாரோ கேசரியில் கையை வைத்தார்கள். ஒரு கிழவர், "கரண்ட் போச்சு" என்று நிதானமாக அறிவித்தார். மீண்டும் விளக்கு எரிந்தபோது ஒயருக்கும் பல்புக்கும் நடுவில் இரண்டு மீட்டர்கள் தொங்கின. முள் நின்றதும் ஆம்பியர் கனவில் பேசுகிற மாதிரி சொன்னார்.

"நூத்தம்பது வோல்ட்டுதான் வருது. பாயிண்ட் ரெண்டு ஆம்பியர். பெருக்கினா முப்பது வாட்டு. அறுபது வாட்டு பல்புங்க இது. பாதி வெளிச்சத்துல பாத்துட்டு எப்படி முடிவு சொல்றது? நாளைக்குப் பகல்ல வந்து பாக்கறேன்."

எங்கள் ஊரில் பட்டுப்புடவையை விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வாங்க மாட்டார்கள். வாசலுக்கு எடுத்துப் போய் வெயிலில் விரித்து நிறம் பார்ப்பார்கள். பாவி மனுஷன் அந்த வழக்கத்தைப் பெண் பார்க்கிற இடத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டார்.

பெண்ணின் அப்பா எழுந்தார். "என் பொண்ணு இன்னா பொடவையா, வெயில்ல விரிச்சிப் பாக்க? எழுந்து போப்பா."

ஆம்பியரின் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். ஆம்பியர் ஸ்டூல் மேலேயே நின்றார். முகம் செத்துவிட்டது. தான் செய்த காரியம் அப்போதுதான் அவருக்கு உறைத்தது போலிருக்கிறது.

அப்போது அந்தப் பெண் பேசினாள்.

"நைனா, அவரு சொல்றது நெஜந்தான். நான் கட்டிக்கினு இருக்கறது மயில்கழுத்துக் கலரு. இங்க கறுப்பாத்தான் தெரியுது. காலையிலயே வரட்டும்." பிறகு ஸ்டூலை நிமிர்ந்து பார்த்து, "தடையைச் சொல்லாம வுட்டுட்டீங்களே. எழுநூத்தம்பது ஓம்ஸ் வருது" என்றாள்.

எஸ்.எஸ்.எல்.சி. படித்த பெண்ணாம். ஆம்பியர் இறங்க மறந்துவிட்டார். நான்தான் கையைப் பிடித்து இறக்கினேன்.

மறுநாள் காலையில் போனோம். அதே புடவையில் களத்து வெயிலில் நின்றாள். அந்த நீலத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார் மனுஷன். முடிவைச் சொல்லுங்கள் என்று அவள் அப்பா இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது.

கல்யாணம் சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு சத்திரத்தில் நடந்தது. சாயங்காலம் வரவேற்பில் வழக்கம்போல வோல்டேஜ் இறங்கிற்று. மாலைகளும் முகங்களும் மங்கலான பொன்னிறத்தில் முங்கிப்போயின. போட்டோக்காரர் கேமராவை மூடிவிட்டு உட்கார்ந்துவிட்டார். பெண் மெதுவாக, "இப்போ எவ்ளோ வாட்டு?" என்று கேட்டாள்.

மீட்டர் பை என் மடியில்தான் இருந்தது. எடுத்து நீட்டினேன். ஆம்பியர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"தெரியலம்மா" என்றார், அவளையே பார்த்துக்கொண்டு. "இது போதும்."

ஆம்பியர் போய்ச் சேர்ந்து பல வருஷமாகிறது. இப்போதும் சாயங்காலம் பல்பு மங்கினால் வீட்டில் எல்லோரும் மின்சாரக்காரர்களைத் திட்டுகிறார்கள். நான் மட்டும் திட்டுவதில்லை. அந்த வெளிச்சத்தில் அவர் பக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கிறது.