மூன்று பேர் விழுந்த விவரம்

நெப்ராஸ்கா மாநிலத்துப் பெல்ஃபோர்டு ஊர் ஆஸ்பத்திரியில் கடந்த காலாண்டில் மூன்று நோயாளிகள் கட்டிலை விட்டு இறங்கும்போது கீழே விழுந்தார்கள். வருத்தத்துக்குரிய செய்திதான். ஆனால் தலைமை நர்ஸ் வெர்னா சிகோராவுக்கு அதில் ஓர் ஆறுதல் இருந்தது. தரக் கண்காணிப்புத் துறையின் விதிப்படி, மூன்று பேர் விழுந்ததாகத் தெரிவிக்கும் ஆஸ்பத்திரிக்குக் கூடுதலாக ஒரு நர்ஸ் கிடைப்பார். இரண்டு பேர் விழுந்தால் அனுதாபம் மட்டும்தான். பதினெட்டுக் கட்டிலுக்குத் தானும் ஜோலீனுமாக இரண்டே நர்ஸ்; நாக்குத் தள்ளிக்கொண்டிருந்தது வெர்னாவுக்கு. மூன்றாமவரைத் தூக்கி உட்காரவைத்தபோது மனசுக்குள் கடவுளுக்கு ஒரு நன்றி சொன்னாள். பாவம்தான். ஆனாலும் சொன்னாள்.

விவரத்தைத் துறையின் இணையதளத்தில் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் ஏற்றியாக வேண்டும். மூன்று மணிக்குத்தான் அவளுக்கு உட்கார நேரம் கிடைத்தது. பார்த்தால், அந்தத் தளத்தில் அவள் நுழைய வேண்டிய கணக்கு பூட்டிக் கிடந்தது. உதவி எண்ணுக்கு அடித்தாள். ட்ரெவர் என்று ஒருவன் எடுத்தான்.

"அறுபது நாளா நீங்க கணக்குக்குள்ளயே வரலை. என்ன மேடம் பண்ணிட்டிருந்தீங்க?"

"நோயாளிகளைப் பாத்துட்டிருந்தேன்."

"பாக்க வேண்டியதுதான். ஆனா கணக்கையும் ஒரு எட்டு வந்து பாக்கணும்ல?"

அடுத்ததாக, வெர்னா வெர்னாதானா என்று கண்டறியும் தேர்வு தொடங்கியது.

"2009ல உங்க பேர்ல ஒரு படகு வாங்கியிருக்கீங்க. அதோட நிறம் என்ன?"

"படகா? எங்க ஊர்ல குட்டைகூடக் கிடையாதுப்பா. சுத்தி சோளக்காடு."

"நீலமா, வெள்ளையா, பச்சையா மேடம்?"

வெர்னாவுக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுடைய முன்னாள் கணவன் ரஸ்ஸல், விதைச் சோள மாநாடு என்று சொல்லிக்கொண்டு ஒவ்வொரு ஜூலையும் மிசௌரி ஏரிக்கரைப் பக்கம் போய்வந்தவன்.

"அடப்பாவி ரஸ்ஸல்!"

"அந்த விடை பட்டியல்ல இல்லை மேடம்."

"பச்சை. டிராக்டர் பச்சை. அந்த மனுஷனுக்கு வேற நிறமே தெரியாது."

சரியான விடை. வெர்னா வெர்னாதான் என்று அரசாங்கம் தற்காலிகமாக ஒத்துக்கொண்டது. இனி அவள் கைபேசிக்கு ஆறு இலக்க எண் ஒன்று வரும். அதன் ஆயுள் ஒரு நிமிடம். அதற்குள் கணினியில் போட்டுவிட வேண்டும்.

அந்த ஆஸ்பத்திரியில் கைபேசிக்கு சிக்னல் கிடைப்பது வெளியே கொடிக்கம்பத்தடியில் மட்டும். கணினியோ இரண்டு நடைக்கூடம் தாண்டி உள்ளே. பதிவேட்டு குமாஸ்தா மெர்ல் கைபேசியோடு கம்பத்தடியில் நின்று, எண் வந்ததும் ஓடிவந்தார். அவருக்கு வயது அறுபத்துமூன்று, இரண்டு முட்டியும் தேய்ந்தவை. வந்து சேர இரண்டு நிமிடம் ஆயிற்று. மூன்று எண்கள் அவர் கையிலேயே உயிரை விட்டன.

இதையெல்லாம் ஆர்விட் லுண்ட் பார்த்துக்கொண்டிருந்தார். விழுந்தவர்களில் முதலாமவர், மணிக்கட்டில் மாவுக்கட்டு.

"சிஸ்டர், நாங்க எதுக்கு இருக்கோம்? வரிசையா நின்னு ஒருத்தர்கிட்டேர்ந்து ஒருத்தருக்குக் கத்திடறோம்."

"நீங்க கட்டிலை விட்டு எறங்கவே கூடாது!"

"ஒனக்கு நர்ஸு வேணுமா வேணாமா?"

ஐந்தடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது, பின்பக்கம் திறந்த அங்கியோடு ஒன்பது நோயாளிகள் நடைக்கூடத்தில் அணிவகுத்து நின்றார்கள். அரசாங்கத்தின் பரம ரகசிய எண் அவர்கள் தொண்டை வழியாகக் கணீரென்று வந்தது. "நாலு!" "நாலு!" "ஏழு!" "ஏழு!" வெர்னா ஐந்து இலக்கத்தைப் போட்டுவிட்டாள். ஆறாவது ஆர்விட் வரைக்கும் வந்தது. உற்சாகத்தில் அவர் பிடித்து நடக்கும் ஊன்றுவண்டியை விட்டுவிட்டுக் கையை உயர்த்தினார். தடாலென்று விழுந்தார்.

வெர்னா எழுந்து ஓடினாள்.

"என்னை விடும்மா, நான் ஏற்கெனவே விழுந்தவன்தானே! போய் நம்பரைப் போடு!"

"வாயை மூடிட்டு என் தோளைப் பிடிங்க."

அவரைக் கட்டிலில் சேர்த்து, எலும்பு எதுவும் முறியவில்லை என்று பார்த்துவிட்டுத் திரும்பினாள். மணி ஐந்து பத்து. திரையில், 'தங்கள் பாதுகாப்பைக் கருதித் தங்களைத் தடுத்திருக்கிறோம்' என்று இருந்தது. வெர்னா அழுதாள், கொஞ்ச நேரம்தான். ஆறாம் கட்டிலில் மணியடித்தார்கள்.

ஒரு மாதம் கழித்துத் துறையிலிருந்து அதிகாரி ப்ளெய்ன் விட்காம்ப் பாராட்டுக் கேடயத்தோடு வந்து இறங்கினார். மாநிலத்தில் எந்த ஆஸ்பத்திரியாலும் கணக்குக்குள் நுழைய முடியவில்லை. காலியாக இருந்த கட்டங்களைத் துறை பூஜ்யம் என்று எடுத்துக்கொண்டது. ஆகவே நெப்ராஸ்காவில் அந்தக் காலாண்டில் ஒருவரும் விழவில்லை. பாராட்டு விழாவுக்கு ஊரே ஆஸ்பத்திரி உணவுக்கூடத்தில் கூடி, அந்தப் பக்கத்து வழக்கப்படி காரமான பீன்ஸ் குழம்பில் லவங்கப்பட்டை ரொட்டியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

"ஐயா, இங்க நாலு தடவை விழுந்திருக்காங்க," என்றாள் வெர்னா. "அதோ பாருங்க, மாவுக்கட்டோட உக்காந்திருக்காரே, அவரே ரெண்டு தடவை."

விட்காம்ப் பார்த்தார். "நல்லா உக்காந்துதானே இருக்கார்? எழுத்துபூர்வமா ஏதாவது இருக்கா?"

"எழுதத்தான் உள்ளயே விடலையே ஐயா!"

"பாதுகாப்புன்னா அதுதாம்மா."

அவர் மேடையேறினார். யாருமே விழாத ஆஸ்பத்திரியில் இரண்டு நர்ஸ்கள் இருப்பது மனிதவள விரயம் என்றும், எனவே ஜோலீன் தலைநகருக்கு மாற்றப்பட்டு, உதவி எண் பிரிவில் ஆஸ்பத்திரிகளை அடையாளம் காணும் பணியில் அமர்த்தப்படுவார் என்றும் பலத்த ஆரவாரத்துக்கிடையே அறிவித்தார்.

பெருமை தாங்காமல் கூட்டம் மொத்தமும் எழுந்து நின்று கைதட்டியது. எழுந்த அவசரத்தில் மூன்று பேர் விழுந்தார்கள். தூக்கிவிட வெர்னா ஒருத்திதான் இருந்தாள்.