சேர்வர் மௌத்தான சங்கதி

கல்முனை.

அன்பு மருமகன் ஹிஷாமுக்கு மாமா அச்சிமுகம்மது எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். டோஹா வெயில் உங்களை வாட்டாதிருக்க துஆச் செய்கிறோம். இங்கே மனிதர்கள் நலம். மிஷின்கள்தான் நலமில்லை.

சுனாமியில் கடைக் கணக்கெல்லாம் கடலோடு போனதை நினைத்துத்தானே கணக்கைக் காக்க இரண்டு சேர்வர் கம்பியூட்டர் வைத்தீர்கள்? கடைகளில் இருப்பது வெறும் திரை, மூளை நம் முன்னறையில், அது விழுந்தால் மாவடிப்பள்ளி ஊரில் இருக்கும் இரண்டாவது அந்தக் கணமே பொறுப்பெடுக்கும், கடைக்காரருக்குத் தெரியவே வராது என்றீர்கள். ஒரு மாதம் நிற்காமல் ஓடினால் எல்லாக் கடையும் இதில் சேரும், நீங்களும் மகள் பாஹிமாவின் பிள்ளைப்பேற்றுக்கு முன் ஊரோடு வந்துவிடலாம் என்று நாங்கள் ஆசையாக இருந்தோம். அந்த மாதத்தின் கடைசி நாள், நடுப்பகல் லுஹர் தொழுகை நேரம் உங்கள் மாமி சபூறா, சேர்வருக்கு வைத்த காற்றாடியில் ஆறட்டும் என்று, பாகில் அவித்த வட்டிலப்பத்தை அதன் தலையில் வைத்தாள். கிண்ணம் சரிந்தது. பாகு உள்ளே இறங்கியது. மிஷின் ஒரு தும்மலோடு அடங்கிவிட்டது.

இரண்டாவது மிஷின் இருக்கும் வீட்டுக்காரர் முகம்மது தம்பிக்குப் போன் போட்டு, "சேர்வர் மௌத்து! ரெண்டாவதப் பாருங்க!" என்று கத்தினேன். இரைச்சலில் அவர் காதில் விழுந்தது, "சர்வர் மௌத்து." மாவடிப்பள்ளி நெல் தரகர் சர்வர் காக்கா இறந்துவிட்டார் என்று எடுத்துக்கொண்டார்! உடனே, "ரெண்டாவதப் பாருங்க" என்றதையும் சேர்த்து அவ்வூர்ப் பள்ளிவாசலில் அறிவித்துவிட்டார். சர்வர் காக்கா அங்கேயே ஹவுள் தொட்டியில் தொழுகைக்குக் கை கால் கழுவி உளூச் செய்துகொண்டிருந்திருக்கிறார்.

"எனக்கிட்டக் கேக்காம என்ன மௌத்தாக்கினது ஆரு?" என்று அவர் ஈரக்காலோடு வீட்டுக்கு ஓடினால், அழுதுகொண்டிருந்த அவர் மனைவி ஸுல்பிகா கண்ணைத் துடைத்தாள். "நீங்க இரிக்கிறது சந்தோசம். அந்த ரெண்டாவது ஆரெண்டு முதல்ல சொல்லுங்க!"

இதற்குள் மையத்து வீட்டுக்கு வந்த சனம் முகம்மது தம்பி வீடு வரை நிரம்பி, யாரோ ஒருவர் காற்றாடி போடுவதற்காக இரண்டாவது சேர்வரின் பிளக்கைப் பிடுங்கிவிட்டார். பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு பிளக்கை மாட்டும் வரை இரண்டும் கிடையில். குற்றம் என்னுடையது. இனிக் கடைகள் சேராது, நீங்கள் அங்கேயே இன்னும் இரண்டு வருடம் இருக்கவேண்டி வருமே என்று பாஹிமா அழுகிறாள். பொறுத்துக்கொள்ளுங்கள் மகன்.

உங்களை அல்லாஹ் காப்பானாக. மாமியின் சலாம்.

இப்படிக்கு,
மாமா அச்சிமுகம்மது

பி.கு: மேலே எழுதியதையெல்லாம் மறந்துவிடுங்கள்! கடைக்காரர்கள் இப்போதுதான் வந்து போனார்கள். "ஒரு மாசமா ஒரு நிமிசமும் நிக்கல்ல, ஹாஜியார். மருமகன வரச் சொல்லுங்க!" என்கிறார்கள். மிஷின்கள் கிடையில் இருந்த நேரம் முழுதும், சர்வர் காக்காவின் ஜனாஸா நல்லடக்கத்துக்கென்று அத்தனை பேரும் கடையைப் பூட்டிக்கொண்டு மாவடிப்பள்ளிக்குப் போயிருந்தார்களாம். நான் வாயைத் திறக்கவில்லை. டிக்கெட்டைப் போடுங்கள். வந்ததும் அந்த மிஷினுக்கு வேறு பேர் வைத்துவிடுங்கள். இனி அது விழும்போதெல்லாம் தன்னால் மௌத்தாக முடியாது என்று சர்வர் காக்கா சொல்லியனுப்பியிருக்கிறார்.